காலையில் எழுவான், மாலையில் படுவான்: மட்டக்களப்பில் கூடாரம் கழற்றாத ஒரு நாள்

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. கடலை ஒட்டிக் கிடக்கும் மணல் பக்கம் எழுவான்கரை. வயலும் குளமும் காடுமாக உள்ளே விரியும் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும்புவது ஒன்றில், படுவது மற்றதில். இந்த ஊரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறவருக்கு இதைவிட நல்ல நேர அட்டவணையை எவரும் எழுதித் தரப் போவதில்லை. காலை கடற்பக்கம், மாலை வயற்பக்கம், நடுவில் நிழல். இதைத் தலைகீழாக்கி, பதினொரு மணிக்குக் கோட்டை, ஒன்றரைக்கு வெளிச்சவீடு, மூன்றுக்குக் கடல் என்று அலைகிறவர்கள் நான்கு மணிக்கு வாகனத்துக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். வெயில் அப்படி.

கொழும்பிலிருந்து ஏ4 றோட்டைப் பிடித்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று வருகிறவர்களுக்கு அந்த றோட்டின் கடைசி ஊர் மட்டக்களப்பு. ஹபரணைப் பக்கமிருந்து வருகிறவர்கள் வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக இறங்குவார்கள். எந்தப் பக்கத்தால் வந்தாலும் அதற்குள் நாலைந்து நாள் தொடர்ந்து ஓடி, தினமும் கூடாரம் அடித்துக் கழற்றி, உடம்பும் சாமானும் ஒரு வழிக்கு வந்திருக்கும். அதனால் இங்கே இரண்டு இரவு ஒரே இடத்தில் தங்குங்கள். இரண்டு பேர் படுக்கும் ஒரு கூடாரத்தை ஒழுங்காகக் கழற்றிச் சுருட்டி, அடுப்பு பெட்டி எல்லாம் ஏற்ற முக்கால் மணி நேரம் போகும். மறுபடி அடிக்க ஒரு மணி நேரம். வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் நல்ல நேரமே மூன்று மணித்தியாலம்தான். அதில் பாதியைக் கயிறு முடிச்சு அவிழ்ப்பதில் தொலைக்க வேண்டாம்.

நல்ல காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை. ஒக்டோபர் முடிவில் வாடை தொடங்கினால் தை மாதம் வரை மழை. வாவி நிறைந்து தாழ்ந்த இடமெல்லாம் வெள்ளம் நிற்கும், முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா என்ற பேச்சு அடிபடும். அந்தக் காலத்தில் இங்கே கூடாரத்தோடு வருவது வீரமில்லை, வீண்வேலை.

தங்குமிடத்துக்குக் கல்லடிதான் வசதி. கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம், டவுன் பாலத்துக்கு அப்பால். வெறும் கடற்கரையில் கூடாரம் அடிப்பதைவிட, கடற்கரைப் பக்கமுள்ள விருந்தினர் விடுதி ஒன்றின் வளவுக்குள் அடிக்கக் கேட்பது நல்லது. ஒரு அறைக் காசில் சிறு பங்குக்கு வளவும் கிணறும் கழிப்பறையும் கிடைக்கும். திறந்த கரையில் இரண்டு சிக்கல். ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கே தோணி இறக்க ஆள் வரும், நீங்கள் படுத்திருப்பது அவர்கள் வள்ளம் இழுக்கும் வழியாக இருக்கும். மற்றது, இரவில் பொலிஸ் ரோந்து வந்து எழுப்பினால் விளக்கம் சொல்ல வேண்டும். கரையில்தான் படுப்பேன் என்றால் மாலையிலேயே பக்கத்து மீன்வாடிக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த இடம் வழி, எந்த இடம் சும்மா கிடப்பது என்று அவர்களே காட்டுவார்கள்.

தென்னைக்குக் கீழே அடிக்காதீர்கள். தேங்காயை எல்லோரும் நினைப்பார்கள், மட்டையை நினைப்பதில்லை. காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் கூடாரக் கம்பி முறியும். சவுக்கு அல்லது பூவரசு நிழல் பாருங்கள். வாசல் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கே, இருக்கட்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை பின்னேரங்களில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த சூட்டுக் காற்று. (இதே சொல்லுக்கு நிலக்கடலை என்றும் பொருள் என்பதால் வெளியூர்க்காரர் ஒரு கணம் குழம்புவார்கள்.) மேற்கே வாசல் வைத்தால் அந்தக் காற்று உள்ளே புகுந்து கூடாரத்தைப் பலூன் மாதிரி ஊதித் தூக்கும்.

கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கல்லடி மணலில் நிற்கா. இழுத்தால் வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி வந்துவிடும். இதற்கு 5 அல்லது 10 கிலோ அரிசிப் பைகள் எட்டு போதும். ஒவ்வொன்றிலும் பாதிக்கு மணல் போட்டு வாயை முறுக்கி, கூடாரக் கயிற்றை அந்த முறுக்கிலேயே கட்டுங்கள். கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்கே ஒன்றரை அடி ஆழத்தில் குழி தோண்டி, பையைப் படுக்கையாக வைத்து மூடி மிதியுங்கள். கயிறு குழியிலிருந்து செங்குத்தாக மேலே வரக்கூடாது, கூடாரப் பக்கமாகச் சரிந்து வர ஒரு சிறு வாய்க்கால் கீறிவிடுங்கள். மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் மணல் இறுகும். பை இல்லையென்றால் ஒரு முழ நீளத் தென்னம்மட்டைத் துண்டு, நடுவில் கயிறு கட்டிப் புதைத்தாலும் அதே வேலை செய்யும். நைலோன் கயிறு ஈரத்தில் இழுபட்டுத் தளரும், ஆகவே படுக்கப் போகும் முன் ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்குங்கள்.

பகலில் கூடாரத்தை விட்டுப் போகும்போது பலர் விடும் பிழை, அதை நிமிர்ந்தபடி விட்டுப் போவது. கம்பிகளை மட்டும் உருவி, துணியை அப்படியே தரையில் படுக்க வையுங்கள். முளைகளும் கயிறுகளும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மேலே ஒரு பாயை விரித்து நாலு மூலைக்கும் தண்ணீர்க் கானை வைத்தால் காற்றுக்கும் பயமில்லை, வெயிலில் துணி உக்குவதும் குறையும். மாலையில் வந்து கம்பியைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் வீடு தயார். சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் உள்ளே இருக்கக்கூடாது. எறும்பு தரைத்துணியைத் துளைத்துக்கொண்டு வரும், காகம் கூடாரத்தின் ஸிப்பைக் கண்டு பழகிவிட்டது.

இன்னொரு கணக்கையும் முதல் நாளே போட்டு வைக்க வேண்டும். வாகனத்தில் 12 வோல்ட் சின்னக் குளிர்சாதனப் பெட்டி ஓடுகிறதென்றால், கிழக்குச் சூட்டில் அது ஒரு நாளைக்கு 30 முதல் 40 அம்பியர்-மணி தின்னும். 100 அம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். நீண்ட ஓட்டமுள்ள நாட்களில் எஞ்சின் அதை நிரப்பிவிடும். ஊர் பார்க்கும் நாளில் மொத்த ஓட்டமே இரண்டு மணித்தியாலம் என்பதால் நிரப்பாது. இரண்டாம் நாள் காலை பெட்டி நின்று மீன் நாறிய பிறகுதான் பலருக்கு இது விளங்கும். விடுதியில் ஒரு பிளக் கேட்டு இரவு முழுக்கச் சார்ஜ் போடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் ஐஸ் பெட்டிக்கு மாறுங்கள். மீன் வாடிகளில் கட்டி ஐஸ் கிடைக்கும். உடைக்காத கட்டி, நல்ல மூடியுள்ள பெட்டியில் மறுநாள் காலை வரை தாக்குப்பிடிக்கும், நொறுக்கியது மாலைக்குள் தண்ணீர். மீனுக்குப் போடும் ஐஸைக் குடிக்கும் தண்ணீரில் போட வேண்டாம் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறோம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லீற்றர், கழுவ 10 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணற்கரைக் கிணறுகளில் மேல்தண்ணீர்தான் நல்ல தண்ணீர், அடியில் உவர். ஓகஸ்ட் வாக்கில் பல கிணறுகள் உவர் தட்டும். குளிக்கப் போதும், தேநீருக்கு ஆகாது.

இனி நாள்.

5.15க்கு எழும்புங்கள். ஜூனில் சூரியன் 5.50 வாக்கில் கடலிலிருந்து வெளியே வரும். அதற்கு அரை மணி நேரம் முன்பே வெளிச்சம் போதுமானதாக இருக்கும். கடல் அமைதியான மாதங்களில் இந்தக் கரையெங்கும் கரைவலை வளைப்பார்கள். ஒரு கயிற்றைக் கரையில் ஆள்களிடம் கொடுத்துவிட்டுத் தோணி வலையை விட்டுக்கொண்டே கடலில் ஒரு வளையம் போட்டு, மறு கயிற்றோடு வேறோரிடத்தில் கரையேறும். அதன்பின் இரண்டு வரிசையாக இழுவை. முதலில் ஆள்கள் தூரத்தில் நிற்பார்கள், மீன் சேரும் வலை மடி கிட்ட வரவர இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கும். கிட்ட நின்று பார்த்தால் இழுப்பது கையல்ல, இடுப்பு என்பது தெரியும். இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு சிறு கயிற்றை வடத்தில் சுற்றிப் பின்னோக்கிச் சாய்ந்து நடப்பார்கள். மேலே போய்ச் சேர்ந்தவர் கழற்றிவிட்டு மறுபடி தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து கொளுவிக்கொள்வார். சில இடங்களில் இப்போது டிரக்டர் இழுக்கிறது, அது பார்க்க ஒன்றுமில்லை.

பார்க்கிறவர் வடத்தைத் தாண்டிக் குதிக்கக்கூடாது. இழுபடும் வடம் சட்டென்று எம்பினால் காலை வாரும். மீன் வாங்குவதென்றால் மடி கரையேறி, வலைக்காரரான சம்மாட்டி தரம் பிரித்த பிறகு கேளுங்கள். சூடை, நெத்தலி, சாளை எல்லாம் அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். கூடாரச் சமையலில் அவ்வளவுதான் கழுவ முடியும். கையோடு குடலெடுத்து உப்பும் மஞ்சளும் பிசறி ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தால் இரவுச் சமையலுக்கு நிற்கும்.

6.45க்குள் கல்லடிப் பாலத்தைத் தாண்டிவிட வேண்டும். 7 முதல் 7.45 வரை பாடசாலைப் பிள்ளைகளின் நெரிசல், அதேபோல் மதியம் 1.30க்கும். பழைய இரும்புப் பாலம் 1924இல் கட்டியது, அன்றைய ஆள்பதி வில்லியம் மானிங்கின் மனைவி பெயரால் லேடி மானிங் பாலம். பக்கத்திலுள்ள புதிய பாலம் 2013இல் திறக்கப்பட்டது. இப்போது நிற்க வேண்டாம், பழைய பாலம் இரவுக்குரியது.

பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பினால் அமிர்தகழி. மாமாங்கேஸ்வரர் கோயிலில் காலைப் பூசை நேரத்துக்குப் போய்ச் சேருவீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும், அரைக்காற்சட்டையோடு வந்தால் சங்கடம். வாகனத்தில் ஒரு வேட்டியும் ஒரு சால்வையும் மடித்து வைத்திருந்தால் இந்தக் கரையில் எந்தக் கோயிலுக்கும் போதும். ஆடி அமாவாசையில் இங்கே தீர்த்தம். அந்த வாரத்தில் டவுனிலிருந்து இந்தப் பக்கம் வாகனம் கொண்டுவர நினைக்காதீர்கள், நடந்து வாருங்கள்.

அதே றோட்டில் மேலே போனால் பாலமீன்மடு வெளிச்சவீடு, 1913ஆம் ஆண்டினது. காலை எட்டு மணிக்கு முன்பு போனால் வாவி கண்ணாடி மாதிரிக் கிடக்கும், கண்டல் மரங்களின் வேர் தண்ணீரில் இரண்டாகத் தெரியும். வாவியும் கடலும் சந்திக்கும் முகத்துவாரம் இங்கேதான். படகில் கண்டலுக்குள் போவதென்றால் இப்போதே போங்கள். பின்னேரம் கச்சான் எழுந்தால் வாவி நறுக்கு நறுக்கென்று அலையடிக்கும், சின்னப் படகில் எல்லோரும் நனைவார்கள். கண்டல் ஓரத்தில் கால் கழுவ இறங்க வேண்டாம். வாவியில் முதலை உண்டு. முகத்துவாரத்துக்கு அப்பால் கடலுக்கும் வாவிக்கும் இடையே நாக்கு மாதிரிக் கிடக்கும் மணல் நிலம் நாவலடி. 2004 டிசம்பர் 26 அன்று அலை இந்த நாக்கின் மேலாகவே வாவிக்குள் இறங்கியது. அங்கே போனால் படம் எடுப்பதற்கு முன் நினைவிடத்தைப் பாருங்கள்.

கரையில் நின்று கேட்பவர்களுக்காக ஒரு சொல்: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கடலில்தான் கிடக்கிறது. ஆனால் 50 மீற்றருக்கும் கீழே. சாதாரண சுழியோடிகளுக்குரிய எல்லை 40 மீற்றர். ஒரு நாள் பயணி அதைக் கேட்டுவிட்டு நகர்வதோடு சரி.

9 மணிக்குப் புளியந்தீவு. டவுனின் நடுப்பகுதியே ஒரு தீவு என்பது பாலங்களைக் கவனிக்காவிட்டால் தெரியாது. கோட்டை போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638 மே மாதம் ஒல்லாந்தர் பிடித்தார்கள், இலங்கையில் அவர்கள் கைப்பற்றிய முதல் போர்த்துக்கேயக் கோட்டை இது. நான்கு மூலைக் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி. நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இதற்குள்ளேயே இயங்கியது. நம் ஊரில் கச்சேரி என்றால் பாட்டு இல்லை, கோப்பு. அலுவலகமாக இருந்ததால்தான் சுவர் இவ்வளவுக்காவது நிற்கிறது, அலுவலகமாக இருந்ததால்தான் உள்ளே தகரக் கூரையும் தடுப்பும் கண்டபடி முளைத்திருக்கின்றன. கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதைவிட, வாவிப் பக்கக் கொத்தளத்தின் மேல் ஏறி நின்று பாருங்கள். தண்ணீர் வழியாக வருகிற எவரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது ஒரே பார்வையில் விளங்கும். வார நாளில் காலையில் போவது நல்லது. வாசலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

காந்திப் பூங்காவையும் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலையையும் நடந்தபடியே பார்த்துவிடலாம். அவர் 1814இல் வந்திறங்கினார், அதே ஆண்டில் தொடங்கிய பாடசாலை மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது. 10.30க்குள் மரக்கறி, பழம், பெற்றோல் எல்லாம் டவுனிலேயே முடித்துவிடுங்கள். படுவான்கரையில் ஷெட் தேடி அலைவது பின்னேரத்தை விழுங்கும்.

திரும்பும்போது கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர் தொடங்கிய பாடசாலை, அவருடைய சமாதியும் இங்கேயே. மறைந்துபோன யாழ்களின் நரம்பையும் சுருதியையும் கணக்குப் போட்டு மீட்டெடுக்கப் பல ஆண்டுகளைச் செலவிட்டவர், பாடும் மீனுக்குப் பெயர்போன வாவியின் கரையில் அடக்கமாகியிருக்கிறார். பாடசாலை நேரமென்றால் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள்.

11 மணியிலிருந்து 2.30 வரை எங்கும் போகாதீர்கள். கோயில்கள் மதியப் பூசையோடு சாத்திவிடும், வெள்ளிக்கிழமையென்றால் காத்தான்குடியில் ஜும்மாவுக்குக் கடைகள் மூடியிருக்கும், மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். இந்த நேரம் முகாம் வேலைக்குரியது. உடுப்புக் கழுவிக் கச்சானுக்குப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காயும். கதவுக் கீல், பூட்டு, அடுப்புத் திருகு எல்லாவற்றிலும் கடல் உப்பு படிந்திருக்கும், நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து ஒரு துளி எண்ணெய் விடுங்கள். காஸ் சிலிண்டரை வெயில் படும் வாகனத்துக்குள் பூட்டி வைக்காமல் மரத்தடியில் நிமிர்த்தி வையுங்கள். 2.3 கிலோச் சிலிண்டர் இரண்டு பேருக்கு நாளைக்கு இரண்டு நேரச் சமையலென்றால் பத்து நாள் மட்டில் வரும். சோறு வடிப்பதைவிட்டு அளவுத் தண்ணீர் வைத்து மூடிச் சமைத்தால் இன்னும் இழுக்கலாம்.

வாகனத்தை மணலில் விட்டிருந்தால் இப்போது பாருங்கள், புறப்படும் நேரத்தில் அல்ல. சில்லு புதைந்திருந்தால் அக்சிலேட்டரை மிதிப்பதுதான் செய்யக்கூடாத வேலை. ஒவ்வொரு சுற்றும் தனக்கே குழி தோண்டும். தார் றோட்டுக்கு 36, 38 பிஎஸ்ஐ என்று காற்று அடித்திருக்கும் வான் டயரை 20 வரை இறக்குங்கள். டயர் பரந்து மணலின் மேல் ஏறும். சில்லுக்கு முன்னாலுள்ள மணலைக் கையால் வாரி, கிடுகையோ பழைய பாயையோ அடியில் செருகி, இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்துங்கள். தாருக்கு ஏறியதும் காற்றை மறுபடி அடிக்காமல் ஓடினால் டயர் சுவர் சூடேறி வெடிக்கும். 12 வோல்ட் பம்ப் இல்லாமல் இந்தக் கரைக்கு வரக்கூடாது.

2.30க்குப் புறப்பட்டுத் தெற்கே. காத்தான்குடியில் றோட்டின் நடுவே பேரீச்சை வரிசை. காய்க்கும் காலத்தில் குலைக்கு வலை கட்டியிருப்பார்கள். வட்டிலப்பம் வாங்கினால் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், வாகனச் சூட்டில் அது நீர் விடும். ஆரையம்பதி, செட்டிபாளையம், களுதாவளை என்று களுவாஞ்சிக்குடி வரை ஊரோடு ஊர் ஒட்டி வரும், 40க்கு மேல் ஓட முடியாது. களுவாஞ்சிக்குடியில் மேற்கே திரும்பிப் பட்டிருப்புப் பாலத்தால் வாவியைத் தாண்டினால் காட்சி ஒரே அடியாக மாறும். மதிலும் கடையும் மறைந்து வயல், பட்டி மாடு, கொக்கு.

பாலத்துக்குப் பதிலாகப் பாதையால் கடக்க விரும்பினால் குறுமண்வெளியில் திரும்ப வேண்டும். இங்கே “பாதை” என்றால் வழி அல்ல, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகு. “பாதை ஓடுதா?” என்று கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்வார்கள். மறுகரை மண்டூர். கூரையில் சாமான் கட்டிய வானை அதில் ஏற்ற நினைக்காதீர்கள். பாரம் மேலேயிருக்கும் வாகனம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆடும். வாகனத்தைக் கரையில் விட்டுச் சும்மா போய்த் திரும்பலாம். காற்று கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஆகவே கடைசி ஓட்டம் எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னே செய்யும் மௌனப் பூசை. தேவாரமும் மேளமும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அந்த அமைதி முதலில் குறையாகப்படும், பிறகு பழகும். மண்டூரையும் சேர்த்தால் பின்னேரச் சுற்று நூறு கிலோமீற்றரை எட்டும், விட்டால் எழுபதுக்குள் முடியும். கொக்கட்டிச்சோலையில் நின்று பார்க்க வேண்டுமென்பவர்கள் மண்டூரை இன்னொரு நாளுக்கு விடுவதே நல்லது. வைகாசியில் வந்தால் இந்த இரண்டையும்விட வேறொரு காரணம் உண்டு. வருடம் முழுக்கச் சாத்தியிருக்கும் கண்ணகி அம்மன் கோயில்கள் பல அந்த மாதத்தில்தான் கதவு திறக்கும், முடிவில் நடக்கும் குளுத்தி (குளிர்த்திச் சடங்கு) வரை ஊருக்கு ஊர் சடங்கு.

பட்டிருப்பிலிருந்து பழுகாமம், அம்பிளாந்துறை, முனைக்காடு வழியாக வடக்கே கொக்கட்டிச்சோலை. சிறுபோக அறுவடை நேரத்தில், அதாவது ஓகஸ்ட் வாக்கில், றோட்டின் பாதியில் நெல் காயும். அதன் மேலால் ஏற்றாதீர்கள், சில்லிலுள்ள மணல் நெல்லோடு சேர்ந்தால் ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். தான்தோன்றீஸ்வரர் கோயில் 4 மணி தாண்டினால் திறந்திருக்கும். கிழக்கின் பழைய தேசத்துக் கோயில்களில், அதாவது ஒரு ஊருக்கல்லாமல் நாட்டுக்கே பொதுவான பெருங்கோயில்களில், ஒன்று. கோயிலை உடைக்க வந்த போர்த்துக்கேயருக்கு முன்னால் கல் நந்தி எழுந்து புல் தின்றது என்பது ஐதிகம், கேட்காமலே சொல்லித் தருவார்கள். தேர்முட்டியைப் பார்க்காமல் போக வேண்டாம். மரச்சில்லின் விட்டத்தையும், வடம் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாகிய அச்சுக்கட்டையையும் கிட்டப் பார்த்தால் தேரோட்ட நாளில் எத்தனை கை வேண்டும் என்பது தெரியும்.

எருமைத் தயிர் வாங்க இதுதான் கரை. சட்டியைத் தூக்கி அடியைத் தடவிப் பாருங்கள். புதுத் தயிரென்றால் மண் ஈரமாக வியர்த்திருக்கும். தயிரின் தண்ணீரைச் சட்டி குடித்து வெளியே விடுவதால்தான் கரண்டி நிற்குமளவு இறுகுகிறது. பிளாஸ்டிக்கில் உறைய வைத்ததில் இந்த இறுக்கம் வராது, மலிவென்று வாங்கி ஏமாற வேண்டாம். வாகனத்தில் சட்டி உருளாமல் இருக்க ஒரு சாரத்தை முறுக்கிச் சும்மாடு சுற்றி அதன் மேல் வையுங்கள். இரண்டு குழிக்கு மேல் குலுங்கினால் தயிர் உடைந்து நீர் பிரியும். அன்றிரவே சாப்பிடுங்கள், மறுநாள் மதியத்துக்குப் புளித்துவிடும்.

5.30க்கு அங்கிருந்து கிளம்புங்கள். போரதீவுப்பற்று, வெல்லாவெளிப் பக்கங்களில் இருட்டியதும் யானை இறங்கும். படுவான்கரையின் உட்பகுதியில் ஆறு மணிக்குப் பிறகு கூடாரத்தோடு திரிகிற ஆளைக் கண்டால் ஊர்ச் சனம் திட்டித்தான் அனுப்பும், அது அக்கறை. மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது, அதுவரை இங்கேயும் பாதைதான். பாலத்தைக் கடந்து, கிழக்கு முனையில் வாகனத்தை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். சூரியன் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மரங்களுக்குள் இறங்கும், 6.20 வாக்கில். படுவான்கரையில் நின்றால் அது வயலுக்குள் விழும் வெறும் அந்தி. கிழக்கு முனையில் நின்றால் வாவி முழுக்க நிறம். உண்மையில் எழுவான், படுவான் என்ற இரண்டு பெயரும் சேர்ந்து பொருந்துவது வாவியின் நடுவே தோணியில் இருக்கிறவனுக்குத்தான். கரையிலிருந்தவர்கள் வைத்த பெயராக இது தெரியவில்லை.

இரவுச் சமையல், சூடை மீன், தயிர். பத்து மணிக்குக் கல்லடிப் பாலம்.

வாவித் தண்ணீருக்குள்ளிருந்து எழும் ஒலியைத்தான் பாடும் மீன் என்பார்கள், அது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கேட்கும் என்பது ஊர் வழக்கு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பிரித்தானியக் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் தோணியில் போய்க் கேட்டு, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும் ஒலிக்கு ஒப்பிட்டார். அப்போதைய மீனவர்கள் அவரிடம் கைகாட்டியது மீனை அல்ல, ஊரி என்ற நத்தைச் சிப்பியை. மீனா சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பாலத்தின் மேல் நின்று காதைத் தீட்டிப் பயனில்லை, புதிய பாலத்து வாகன இரைச்சல் எல்லாவற்றையும் மூடிவிடும். பகலிலேயே ஒரு மீனவரிடம் படகு பேசி வையுங்கள். உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், நுளம்புக்கு நீளக்கைச் சட்டை போடுங்கள்.

பாலத்திலிருந்து சற்று விலகி, எஞ்சினை நிறுத்தி, அணியம் (படகின் முன்பக்கம்) காற்றைப் பார்க்கும்படி நங்கூரம் போடச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்றால் அலை பலகையில் மொத்தும் சத்தம்தான் கேட்கும். துடுப்பின் அகன்ற பக்கத்தைச் செங்குத்தாகத் தண்ணீருக்குள் விட்டு, கைப்பிடி நுனியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்துங்கள். காதுத் துளைக்குள் வைப்பதைவிட இது தெளிவு, எலும்பு வழியாகவே ஒலி ஏறும். மறுகாதைக் கையால் பொத்துங்கள். மரத் துடுப்பாக இருக்க வேண்டும். அலுமினியக் குழாய்த் துடுப்பில் உங்கள் கை நடுக்கம்தான் பாடும். படகிலுள்ள எல்லோரும் இரண்டு நிமிடம் அசையாமல் இருந்தால் போதும்.

ஒன்றும் கேட்காவிட்டால் ஐம்பது யார் தூரம் தள்ளி இன்னொரு தடவை நங்கூரம் போடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அன்றைக்கு இல்லை.